மலைத்தீப் புகையிலிருந்து போடி மலையடிவாரத் தெருக்களைக் காக்க வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்:
மலையடிவாரத் தெருக்களில் குடியிருப்போர் சார்பாக,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
போடிநாயக்கனூர் மேற்கு.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்.

பொருள்: கோடை இரவுகளில் மலைத்தீயின் புகை குடியிருப்புகளில் இறங்குவது – உடனடி நடவடிக்கை கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்துச் சென்ற ஆண்டு பங்குனியில் ஒரு மனுவும், இந்த ஆண்டு மாசிக் கடைசியில் ஒரு மனுவும் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று அளித்திருக்கிறோம். முதல் மனு தொடர்புடைய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டதாகத் தகவல் வந்தது. இரண்டாவது மனு ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. அது வந்த இரவில் மலையில் மூன்று இடங்களில் தீ எரிந்துகொண்டிருந்ததை என் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே எண்ண முடிந்தது.

குரங்கணி சாலையும் முந்தல் சோதனைச் சாவடியும் தாங்கள் அறிந்த இடங்கள். ஆகவே ஊரின் அமைப்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. பகல் வெயிலில் சூடேறிய காற்று மலைச்சரிவில் மேலேறுவதும், இரவில் குளிர்ந்த காற்று கொட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே ஊருக்குள் இறங்குவதும் இங்கு வழக்கம். அந்த இறங்குகாற்றை நம்பித்தான் தகரக் கூரை வீட்டுக்காரர்கள் இத்தனை சித்திரை மாதங்களைக் கடத்தினார்கள். மலை எரியும் நாட்களில் அதே காற்று அதே நேரத்துக்குப் புகையோடு வருகிறது. எங்கள் குறை இதுதான்.

1. சன்னலைத் திறந்தால் புகை, மூடினால் வெக்கை. பகல் முழுவதும் காய்ந்த தகரமும் கல்நார் ஓடும் நள்ளிரவு வரை சூட்டைக் கக்குகின்றன. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் சன்னலை அடைத்துக்கொண்டு படுத்தால், மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கிறது. என் வீட்டில் என் மருமகள் நனைத்த வெள்ளைத் துண்டைச் சன்னல் கம்பியில் கட்டுகிறாள். விடியும்போது கம்பி பட்ட இடங்கள் மட்டும் வெள்ளையாக இருக்கின்றன, மற்றதெல்லாம் சாம்பல் நிறம். ஆறு வயதுப் பேரனுக்கு இளைப்பு வந்தால் அவனை உட்கார வைத்து, முதுகைத் தாங்கியபடி நானும் உட்கார்ந்திருக்கிறேன். படுக்கவைத்தால் மூச்சு ஏறவில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்காக விடியுமுன் ஜீப்பில் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து கேரளம் போய்விட்டு மாலையில் திரும்புபவர்கள். அவர்களுக்குக் கிடைப்பதே நாலைந்து மணி நேர உறக்கம். அதையும் இந்தப் புகை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தீ எரியும் இரவுகளில் பள்ளிக் கட்டடம் ஒன்றையோ சமுதாயக் கூடத்தையோ, புகை புகாதபடி அடைத்து, காற்று வடிகட்டும் கருவி வைத்து, முதியோரும் குழந்தைகளும் படுத்து எழுவதற்குத் திறந்துவைக்க வேண்டுகிறோம்.

2. மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கும் நுண்துகளான பி.எம். 2.5-இன் 24 மணி நேரச் சராசரி, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது 2009 முதல் நாட்டின் அளவுகோல். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15 மட்டுமே. எங்கள் தெருவில் அது எத்தனை என்று எவரும் அளந்ததில்லை. அளக்காததால் பதிவில்லை, பதிவில்லாததால் பாதிப்பும் இல்லை என்று ஆகிவிடுகிறது. தீக்காலத்தில் மட்டுமாவது நடமாடும் அளவீட்டு வாகனம் ஒன்றை, பகலில் அல்ல, இரவு பத்து மணிக்கு மேல் இங்கு நிறுத்த வேண்டும்.

3. காட்டில் தீப்பிடித்தால் செயற்கைக்கோள் வழியே இந்திய வன அளவை நிறுவனம் எச்சரிக்கை அனுப்புகிறது என்பதை நாளிதழ்களில் படிக்கிறோம். விண்ணிலிருந்து தெரியும் தீ, அடிவாரத்தில் இருப்பவனுக்கு மூக்கின் வழியாகத்தான் தெரிய வேண்டுமா? மாலையிலேயே ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ ஒன்று தெருவைச் சுற்றி வந்தால் போதும். இளைப்பு உள்ளவர்களை உறவினர் வீட்டுக்காவது அனுப்பிவைப்போம்.

4. தீ பரவாதபடி புல்லையும் சருகையும் அகற்றிப் போடும் தீத்தடுப்புக் கோடுகளைத் தை மாதத்துக்குள் வெட்டி முடிக்க வேண்டும். புல் காய்ந்து, தீயும் பிடித்த பிறகு வெட்டுவதால் பயனில்லை. புதுப்புல் துளிர்க்கட்டும் என்று மேய்ச்சலுக்காகத் தீ வைப்பவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் நாங்கள் யாரும் பரிந்து வரமாட்டோம்.

5. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்காது. எரிந்த உடல்களைத் தூளி கட்டி இறக்கியதில் எங்கள் ஊர்ப் பையன்களும் இருந்தார்கள். அதே ஆண்டு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன, நல்லதுதான். மலையேறுகிறவர்களுக்கு விதி வந்தது. மலையடியில் கிடக்கிறவர்களுக்கு என்ன வந்தது ஐயா? 2024 அக்டோபரில் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நாங்கள் கேட்பது அந்தத் தொகையை அல்ல. வெயிலுக்கு ஓர் அலுவலகம், புகைக்கு ஓர் அலுவலகம், காட்டுக்கு ஓர் அலுவலகம் என்று அலைந்துவிட்டோம். வெயிலும் புகையும் ஒரே அறைக்குள், ஒரே இரவில், ஒரே குழந்தையின் நெஞ்சில் சேரும்போது அது எந்த அலுவலகத்தின் கணக்கு என்று யாராவது சொல்லுங்கள்.

6. இரவில் ஆரம்ப சுகாதார நிலையத்தில், இளைப்புக்கு மருந்தை மூச்சு வழியே கொடுக்கும் நெபுலைசர் வைக்க ஆள் வேண்டும்.

சொற்கள் சற்றுக் கடுமையாகியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். முப்பத்தோராண்டு மாணவர்களுக்கு விண்ணப்பக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவனுக்கு இப்படி எழுதக் கூடாது என்பது தெரியும். மற்றவற்றுக்குக் காலம் பிடிக்கலாம். முதற்கோரிக்கையான இரவுத் தங்குமிடத்துக்கு ஒரு சாவியும் ஒரு காவலரும் போதும். அதை மட்டுமாவது இந்தச் சித்திரை முடிவதற்குள் செய்துதருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் நேரில் வருவதாக இருந்தால், பகல் ஆய்வு வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மலையடிவாரத் தெருக்களில் குடியிருப்போர் (கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு:
முந்தைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு நகல்கள் – 2
‘தீர்வு செய்யப்பட்டது’ குறுஞ்செய்தியின் நகல் – 1
சன்னலில் ஓர் இரவு கட்டிய வெள்ளைத் துண்டு, துவைக்காதது – 1