மே மாதத்தில் வராதே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குப் பல் முளைத்ததையும், அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததையும் படித்துச் சந்தோஷப்பட்டேன். நாக்பூர்க் குளிரில் முழங்கால் வலி கூடுகிறது என்று எழுதியிருந்தாய். அதற்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சே, என்னட்டி செஞ்சே?" என்று கேட்டிருக்கிறாய். ஊர் சுற்றினேன். மகள் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டாள். தங்கச்சி காசிக்குப் போகலாம் என்றாள். இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, நம்ம நெல்லைச் சீமைக்குள்ளேயே சுற்றினேன். மேற்கே காரையாறு, கிழக்கே புன்னைக்காயல், தெற்கே திருக்குறுங்குடி. தாமிரபரணி மலையில் பிறந்து கடலில் சேர மொத்தமே ஏறக்குறைய 128 கிலோமீட்டர்தான். அதைக் கூட முழுசாகப் பார்க்காமல்தான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தினோம், நீ வடக்கே, நான் இங்கே.

பெரும்பாலும் பஸ்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. அந்த ரோஸ் கலர் பஸ்ஸில் ஏறிப் பார், என்ன கூட்டம், என்ன பேச்சு! வாழைத்தார் ஏலத்துக்குப் போகிறவள், மகள் வீட்டுக்குப் பலகாரத் தூக்கோடு போகிற ஆச்சி, பூ கட்டிக்கொண்டே வருகிறவள். முன்னெல்லாம் "தனியா எங்க கிளம்பிட்டே?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே தெம்பு வேண்டும். இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "சும்மா, பார்த்துட்டு வரலாம்னு" என்றால் போதும், "நானும் வரட்டா?" என்று ஒருத்தி சேர்ந்துகொள்கிறாள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே நீ ஒரு தடவை இந்த பஸ்ஸில் வரவேண்டும்.

இவ்வளவு சுற்றியதில் எனக்குத் திடமாகப் பட்டது ஒன்று. நம்ம பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த மாதத்தில் போனால்தான் அந்த ஊர் நமக்குக் கிடைக்கும். நீ வருஷா வருஷம் பள்ளி லீவை நினைத்து மே மாதத்திலேயே வந்து பழகிவிட்டாய். கத்திரி வெயிலில் நாலு கல்யாண வீடு, ஒரு கோவில், ஒரு அல்வாப் பொட்டலம். கொக்கிரகுளம் பாலத்திலிருந்து ஆற்றைப் பார்த்து "எப்படி இருந்த ஆறு, இப்படி ஆயிட்டே" என்று கண் கலங்கிவிட்டுப் போகிறாய். எனக்கு அது வருத்தம். ஆறு அப்படியே ஆகிவிடவில்லை, நீ வருகிற மாதம் அப்படி. சாக்கடை கலக்கிறது, மணல் போனது, அமலைச்செடி அடைத்துக் கிடக்கிறது, அதெல்லாம் நிஜம்தான். ஆனால் கார்த்திகையில் அதே பாலத்தில் நின்று பார்த்தால், செம்பழுப்பாகக் கரை தொட்டு ஓடுகிறது. தென்மேற்குப் பருவத்திலும் தண்ணீர், வடகிழக்குப் பருவத்திலும் தண்ணீர் என்று இரண்டு மழையும் வாங்குகிற ஆறு அது.

மாசியில் கூந்தன்குளம் போனேன். மூலைக்கரைப்பட்டிக்குப் பக்கத்தில்தான். குளத்தைப் பார்க்கப் போன நான் பாதி நேரம் தெருவிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில், புளியமரத்தில், கை எட்டுகிற தூரத்தில் என்று சொல்லலாம், மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. கீழே ஒரு அம்மா பாத்திரம் தேய்க்கிறாள். தலைக்கு மேலே குஞ்சுகள் கத்துகின்றன. உச்சி வெயிலில் தாய்ப்பறவை வெயிலுக்கு முதுகைக் காட்டி இறக்கையை விரித்து நின்றது, அந்த நிழலில் மூன்று குஞ்சுகள். இன்னொன்று குளத்தில் போய்த் தண்ணீரை அலகில் கொண்டு வந்து குஞ்சுகள் மேல் வடித்தது. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகள் மிரளும் என்று இந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது 1994-ல். ஊர்க்காரர்கள் அதற்கு எவ்வளவோ முன்னாலிருந்தே காத்து வந்திருக்கிறார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்றும், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடுவோம் என்றும் அந்த அம்மா சொன்னாள். இமயமலையைத் தாண்டி வருகிற வரித்தலை வாத்துக் கூட்டம் குளத்தின் நடுவில் இருந்தது. தலையில் இரண்டு கறுப்புக் கோடு, தெளிவாகத் தெரிகிறது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் அந்தக் குளத்துக்கு வராத வருஷம் அவையும் குறைந்துவிடும்.

பங்குனியில் தேரிக்காடு. உடன்குடிப் பக்கம் போய், பதநீர் காய்ச்சுகிற விடிலிக் குடிசை ஒன்றில் ஒரு காலை முழுவதும் இருந்தேன். (மேயில் வந்தாலும் உனக்கு வாய்க்கிற ஒன்று உண்டு என்றால் அது பதநீர்தான், அதையும் நீ ஜங்ஷனில் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாய்.) விடியுமுன் பனையேறி இறங்கிவிடுகிறார். இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் சொட்டுகிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும் அதே மரத்தில் ஏறிப் பாளை சீவவேண்டும். ஒரு நாள் விட்டாலும் ஊறல் நின்றுபோகும் என்றார். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மகன்கள் இரண்டு பேரும் வெளியூரில். அவர் சம்சாரம் பெரிய சட்டியில் பதநீரை ஊற்றிக் காய்ச்சினாள். காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டாள், நுரை அப்படியே அடங்கியது. நேரம் ஆக ஆக நிறம் மாறி, மணம் மாறி, துடுப்பு கனக்கத் தொடங்கியது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு இறக்கினாள். வரிசையாக வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றியதும், நாம் சின்ன வயதில் பார்த்த அதே கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்து விட்டது, நல்ல காரியம். ஆனால் மரம் ஏற ஆள் இல்லாவிட்டால் குறியீட்டை வைத்து என்ன செய்ய? அவர் இறங்கி வந்து மூச்சு வாங்கியதைப் பார்த்ததிலிருந்து, கருப்பட்டி விலை கூடிப்போச்சு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் அந்த மண்! காலை வெயில் விழும்போது குங்குமச் சிவப்பு. மேற்குக் காற்று ஆனி ஆடியில் அந்த மணலை அள்ளிக்கொண்டு போகுமாம். அத்தனை மணலுக்கு நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோவிலில் சுனை. மழையை மணல் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது.

ஆனியில் குற்றாலம். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம், கூட்டம், கூட்டம். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லாமல் திரும்பினேன். ஆனால் வருகிற வழியில் தென்காசிக் கோவில் கோபுர வாசலில் நின்றேன். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது, சாரல் முகத்தில் தெறிக்கிறது. அருவியில் குளிக்காத குறை அங்கே தீர்ந்தது.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைக் கெடுபிடி உண்டு. நான் போனபோது அரசு பஸ்ஸில்தான் மேலே விட்டார்கள். காட்டுக்குள் ஆற்றங்கரை முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பொங்கல் வைக்கிறார்கள். சங்கிலிபூதத்தார் சன்னதியில் சாமியாடி இரும்புச் சங்கிலியை மார்பில் அடித்துக்கொண்டு ஆடினார். சிங்கம்பட்டி ராஜா தர்பார் உடையில் வந்து உட்காருவார் என்று உங்க அப்பா சொல்வாரே, ஞாபகம் இருக்கா? கடைசி ராஜா 2020-ல் காலமாகிவிட்டார். அவர்கள் ஜமீன்தான் 1929-ல் மாஞ்சோலைக் காட்டைத் தேயிலைக்காக ஒரு கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. அது முடிய இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போதே, 2024-ல் கம்பெனிக்காரர்கள் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். நாலு தலைமுறை மேலேயே பிறந்து வளர்ந்தவர்கள். நம்ம கூடப் படித்த ஊத்து எஸ்டேட் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன், அவள் குடும்பமும் கீழே இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். மாஞ்சோலைக்குப் போக மனசு வரவில்லை.

அந்தக் கோவிலில் என்னை நிறுத்தியது பட்டவராயன் சன்னதி. வேண்டிக்கொண்டவர்கள் செருப்பு செய்து கொண்டு வந்து கட்டுகிறார்கள். தோல் செருப்பு, ஜோடி ஜோடியாக. அடுத்த வருஷம் பார்த்தால் அவை தேய்ந்திருக்கும், பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றியிருப்பான் என்று நம்பிக்கை. பட்டவராயன்தான் முத்துப்பட்டன், அவன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பாய். பிராமணப் பிள்ளை, பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்கள் இருவர் மேல் ஆசைப்பட்டு, பூணூலை அறுத்துப் போட்டு, மாமனார் சொன்னபடி செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு, வஞ்சகமாகக் குத்தப்பட்டுச் செத்தான். அவனைத்தான் இத்தனை சாதிக்காரர்களும் வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். செருப்புப் போட்டுத் தெருவில் நடக்க விடாத காலம் நம்ம ஊரில் இருந்தது. அதே ஊர்க்காரர்கள் செருப்பைத் தலையில் சுமந்து வருவதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. கோவிலுக்குள் கும்பிடுவது வெளியேயும் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புரட்டாசியில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஒரு ஜெர்மன்காரர் தோண்டி எடுத்து பெர்லினுக்குக் கொண்டு போனார், பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார் என்று பாடத்தில் நடத்தியதோடு சரி. இப்போது அங்கேயே கண்ணாடித் தளம் போட்டு, தாழிகள் கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி. வயிறு பெருத்த சிவப்புத் தாழி, சுற்றிலும் சின்னச் சின்னக் கலயங்கள். செத்தவருக்குச் சாப்பாடு வைத்த பாத்திரங்கள். நாமும் பதினாறாம் நாள் படைக்கத்தானே செய்கிறோம்? அம்மாவுக்குப் படைத்த இலை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

வருஷத்தின் கடைசியில் கார்த்திகை, திருக்குறுங்குடியில் கைசிக ஏகாதசி. அதைத்தான் உனக்குக் காட்டவேண்டும் என்று இருக்கிறேன். நம்பாடுவான் என்ற பாணர் கோவிலுக்குள் வர முடியாமல் வெளியே நின்று நம்பிப் பெருமாளைப் பாடுகிறவர். ஏகாதசி இரவில் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். "பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் தின்றுகொள்" என்று சத்தியம் செய்துவிட்டுப் போகிறார். பாடி முடித்துச் சொன்னபடி திரும்பியும் வருகிறார். தான் பாடிய கைசிகப் பண்ணின் பலனைக் கொடுத்து அந்த ராட்சசனுக்கு விமோசனம் தருகிறார். வெளியே நின்றவர் பார்ப்பதற்காகக் கொடிமரமே விலகியது என்பார்கள். இன்றைக்கும் அது சன்னதிக்கு நேரே இல்லாமல் ஒதுங்கித்தான் நிற்கிறது. இதைத்தான் இரவு நாடகமாக நடிக்கிறார்கள். நின்றுபோகிற நிலையில் இருந்ததைப் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் 1999-ல் மீட்டெடுத்தார்கள். நம்பாடுவான் சத்தியத்தின் மேல் சத்தியமாக அடுக்கிக்கொண்டே போகிற இடத்தில், எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி, "விட்டுருலே அவனை, அவன் வருவான்" என்று ராட்சசனிடம் சத்தமாகவே சொன்னாள். ஆண்டாண்டாகப் பார்க்கிற கதை, அவளுக்கு இன்னும் அந்தப் பதைப்பு.

இப்போது என் யோசனை. இந்த வருஷம் மேயில் வராதே. கார்த்திகையில் வா. நாக்பூரில் குளிர் ஏறுகிற சமயம், இங்கே சட்டை போட்டால் போதும், முழங்காலுக்கு நல்லது. மழை இருக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனதை நீ டிவியில் பார்த்துப் பயந்து போன் பண்ணினாய். அதனால் வானிலை பார்த்துத்தான் ஆற்றோரப் பக்கம் போவோம், கவலைப்படாதே. கோவிலில் ஏற்றம் ஒன்றும் பெரிதாக இல்லை. மண்டபத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்காரலாம், இடம் பிடிப்பது என் பொறுப்பு. அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா. சென்னை வரை எந்த ரயில் என்று நீங்கள் பாருங்கள், எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நான் இங்கிருந்தே புக் பண்ணிவிடுகிறேன். நூற்றிருபது நாளுக்கு முன்னால் என்றெல்லாம் இப்போது இல்லை, அறுபது நாள்தான். அதனால் தேதியைச் சீக்கிரம் முடிவு பண்ணி எழுது.

வரும்போது ஆரஞ்சு பர்ஃபி மறக்காதே. கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் பாளையங்கோட்டைக்காரி