அம்மிணியோட சைக்காலஜி படிப்பு: மெல்பர்னிலிருந்து அக்காவுக்கு

மெல்பர்ன்,
ஐப்பசி, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இங்கே எல்லாரும் சௌக்கியமுங்க. சென்னிமலையில மழை பிடிச்சிருக்கும். இங்கே இப்பத்தான் குளிர் விட்டு வெயில் எட்டிப் பாக்குது. பிப்ரவரி கடைசியில காலேஜ் தொறக்கும், அதனால அம்மிணி விஷயத்தை இந்த மாசமே முடிவு பண்ணோணும்.

அம்மிணிக்கு ஆஃபர் குடுத்திருக்கற மூணு யுனிவர்சிட்டியில எது பேர் பெத்ததுன்னு கேட்டிருந்தீங்க. பேரை அப்புறம் பாக்கலாமுங்க்கா. இங்கே சைக்காலஜிஸ்ட்னு சொல்லிக்கவே சட்டப்படி பதிவு வேணும். அதுக்கு மொத்தம் 6 வருஷம்: டிகிரி 3, நாலாவது வருஷம் ஆனர்ஸ்ங்கற ஆய்வு வருஷம், அதுக்கு மேல மாஸ்டர்ஸ் 2. இல்லைன்னா ஒரு வருஷ மாஸ்டர்ஸும் ஒரு வருஷம் மேற்பார்வையில வேலையும். நாலு வருஷம் படிச்சுட்டு ரெண்டு வருஷம் வேலை பழகுனாப் போதும்ங்கற பழைய வழியை 2022 ஜூனோட புதுசா வர்றவங்களுக்கு மூடிட்டாங்க. இன்னும் அதைச் சொல்லுற ஏஜென்ட் இருந்தா நம்ப வேண்டாம்.

முதல்ல பாக்க வேண்டியது அங்கீகாரம். ஆஸ்திரேலிய உளவியல் அங்கீகார மன்றம்னு ஒண்ணு இருக்குது, ஏபேக்னு சொல்லுவாங்க. அதோட பட்டியல்ல அந்தப் படிப்போட முழுப்பேரும் இருக்கோணும். யுனிவர்சிட்டி பேர் மட்டும் இருந்தாப் பத்தாது. ஒரே யுனிவர்சிட்டியில சைக்காலஜியை முக்கியப் பாடமாப் படிக்கற பி.ஏ. மேஜருக்கு அங்கீகாரம் இருக்கும், நாலஞ்சு பேப்பர் மட்டும் படிக்கற மைனருக்கு இருக்காது. ஸ்டூடன்ட் விசாவுக்கு அந்தப் படிப்பு கிரிகோஸ்ங்கற, வெளிநாட்டுப் பிள்ளைங்க சேரக்கூடிய படிப்புகளோட அரசுப் பதிவுலயும் இருக்கோணும். மூணுல ஒரு பங்குக்கு மேல ஆன்லைன்ல படிக்கவும் முடியாது.

அடுத்தது ஆனர்ஸ். இங்கேதான் நிறையப் பிள்ளைங்க தடுக்கி நிக்குதுங்க. ஆனர்ஸ் சேர்ந்த நாலு வருஷப் படிப்புக்கு ஆரம்பத்துலயே கூடுதல் மார்க் கேப்பாங்க. உள்ளே போன பொறவும் குறிப்பிட்ட சராசரிக்குக் கீழே போனா மூணு வருஷ டிகிரியோட வெளியே வரோணும். தனி மூணு வருஷப் படிப்புல சேர்ந்தா, கடைசி வருஷத்துல ஆனர்ஸுக்கு மனுப் போடோணும். வேற யுனிவர்சிட்டிக்கும் போடலாம். ஆனா அவங்க கேக்கற சராசரி இருந்தாலே இடம் கிடைச்சுரும்னு இல்லீங்க. இடம் கம்மி, மார்க் வரிசைப்படிதான் எடுப்பாங்க. நாலு வருஷப் படிப்பு கிடைச்சா அதையே எடுத்துக்கட்டும்ங்கறது என் எண்ணம்.

அந்தச் சராசரியைப் பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது வருஷ சைக்காலஜி பேப்பர்ல இருந்துதான் கணக்குப் போடுவாங்க. ஒரு காயிதத்துல எழுதிப் பாருங்க. எட்டு பேப்பர், சராசரி 75 வேணும்னா மொத்தம் 600. முதல் நாலுல 68 வாங்குனா 272. மீதி நாலுல 328 வேணும், அதாவது ஒவ்வொண்ணுலயும் 82. இங்கே 82 எடுக்கறது லேசு இல்லீங்க்கா. நம்மூர்ல 80 வாங்குனா இன்னுங் கொஞ்சம் எடுத்திருக்கலாம்னு சொல்லுவோம், இங்கே அது மேல்வரிசை. ஆனர்ஸ்லயே 80க்கு மேல போனாத்தான் முதல் வகுப்பு. ஃபெயிலானதைத் திருப்பி எழுதிப் பாஸ் பண்ணாலும் பழைய மார்க் பல இடத்துல சராசரியிலேயே நிக்கும். அதனால தடுமாறுற பேப்பரை சென்சஸ் தேதிக்கு, அதாவது ஃபீஸ் இல்லாம பேப்பரை விடறதுக்கான கடைசித் தேதிக்கு முன்னாலயே விட்டுறோணும். அதுவரைக்கும் பெரும்பாலும் ஃபீஸும் இல்லை, மார்க்ஷீட்ல கறையும் இல்லை. ஆனா விசாவுல இருக்கறவங்க விடறதுக்கு முன்னால யுனிவர்சிட்டி ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோணும்.

மார்க்கைக் கவுக்கறது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். மனசைப் பத்திப் படிக்க வந்துட்டு எதுக்குக் கணக்குன்னு பிள்ளைங்க அதை ஒதுக்கிடறாங்க. மாமாவுக்குச் சொன்னாப் புரியும்: பாவு ஒழுங்கா ஓடலைன்னா ஊடை எத்தனை நல்ல நூலா இருந்தும் துணி நிக்காது. டி-டெஸ்ட், அனோவா, ரிக்ரெஷன்ங்கற இந்த மூணு கணக்கு முறையும் கையில வந்துட்டா மத்த பேப்பர்ல வர்ற ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் தானா விளங்கும். பிப்ரவரி வரைக்கும் சும்மா இருக்கற நேரத்துல ஜமோவின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல பழகச் சொல்லுங்க. மனப்பாடம் இங்கே உதவாது. லேப் ரிப்போர்ட்தான் அதிகம். மேற்கோள் காட்டறதுல ஏபிஏங்கற அமெரிக்க உளவியல் சங்கத்தோட ஏழாம் பதிப்பு முறை தப்புனா மார்க் போயிரும். வாத்தியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடறது இங்கே வழக்கம். கூச்சப்பட்டு ஓரமா நிக்காம சந்தேகம் கேக்கோணும், ஏன்னா ஆனர்ஸ்ல ஆய்வுக்கு வழிகாட்டியா வர்றவங்களும் அவங்களேதான். அந்த வருஷம் எத்திக்ஸ் அனுமதிக்கே, அதாவது மனுஷங்களை வெச்சு ஆய்வு பண்ண யுனிவர்சிட்டி தர்ற ஒப்புதலுக்கே வாரக்கணக்கா ஆகும், அதுல பிந்துனா ஆய்வுக்கு ஆள் சேக்க நேரம் பத்தாது.

செலவு: உள்ளூர்ப் பிள்ளைங்களுக்குக் கிடைக்கற அரசுக் கடன் நமக்குக் கிடையாது. படிப்பு நடக்கறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஃபீஸை அதுல கட்டிரலாம்னு கணக்குப் போட வேண்டாமுங்க.

ஊருக்குத் திரும்பி வந்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா இருக்கோணும்னா, இந்திய மறுவாழ்வு மன்றத்துல பதிவு வேணும். இந்த ஊர்ப் பட்டம் அங்கே தானா செல்லாது. திரும்பி வர்ற எண்ணம் இருக்குதான்னு அம்மிணிகிட்ட இப்பவே கேட்டுருங்க.

மூணு ஆஃபர் லெட்டரையும் பேப்பர் பட்டியலோட போட்டோ பிடிச்சு அனுப்புங்க. ஏபேக் பட்டியலோட ஒத்துப் பாத்து வர்ற ஞாயித்துக்கிழமை போன்ல சொல்றேன். அமுச்சியை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கச் சொல்லுங்க.

உங்கள் தம்பி