பலாப் பலகைமேல் கிரைண்டரை வைக்காதே

செம்பூர், மும்பை

அன்புள்ள கோமு,

பெரியம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை. தீபாவளி கழிந்து ஊருக்கு வருவோம். மற்ற கதையெல்லாம் அப்புறம். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கஜா புயலில் விழுந்த உங்கள் கொல்லைப் பலாதானே அது? 2018 நவம்பரில் ஆலங்குடிப் பக்கம் விழுந்த பலாவெல்லாம் விறகுக்குப் போனபோது, நீ மட்டும் அறுக்கக் கொடுத்து, பலகைக்குப் பலகை சட்டம் வைத்து அடுக்கி, இத்தனை வருஷம் நிழலில் காயவைத்தாய். வீணை செய்கிற மரம்டி அது! அதைத் தேய்க்க நாலு இஞ்ச் கிரைண்டரில் 40ஆம் நம்பர் உப்புத்தாள் டிஸ்க்கை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கெஞ்சிக் கேட்கிறேன், அதைக் கீழே வை.

அந்த மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். இரும்பை ராவுவதற்கான வேகம் அது. டிஸ்க் ஒரே மையத்தில் சுற்றுவதால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஓரம் மரத்தைக் கவ்விப் பிறைபிறையாகப் பள்ளம் தோண்டிவிடும். நின்ற இடத்தில் சூடேறிக் கருகும். அப்போது தூசியில் ஒன்றும் தெரியாது. பாலிஷ் ஏறியதும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளமும் தெரியும். பட்டை ஒட்டிய ஓரத்தைச் சீவ வேண்டுமானால் வைத்துக்கொள், மேல்முகத்தில் வேண்டாம்.

ரம்பத் தடம் அவ்வளவு ஆழமாக இருக்கிறதே, முதலில் மில்லில் கொடுத்து இழைத்து வாங்கு. உப்புத்தாளால் மேட்டை எல்லாம் கரைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் தாளும் தீரும், தோளும் போகும். அப்புறம் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர், அதாவது உப்புத்தாள் டிஸ்க் ஒட்டித் தேய்க்கிற மெஷின், ஒன்று வாங்கு. அதுவும் சுற்றும்தான், ஆனால் சுற்றிக்கொண்டே மையம் விலகி ஆடும். அதனால் ஒரு கீறல்மேலேயே மறு கீறல் விழாது. 5 இஞ்ச், அதாவது 125 மில்லிமீட்டர், வெல்க்ரோ டிஸ்க் எங்கேயும் கிடைக்கும். டிஸ்க் ஒட்டுகிற பேடில் எத்தனை துளையோ அதே அமைப்பில் டிஸ்க்கிலும் துளை இருக்க வேண்டும். மாட்டும்போது துளைமேல் துளை வராவிட்டால் தூசி உள்ளே போகாமல் மரத்துக்கும் தாளுக்கும் நடுவில் அரைபடும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். “எல்லாம் ஒரே தாள்தான் அம்மா” என்றாராமே உன் கடைக்காரர்! இங்கே மும்பையில் ஹார்டுவேர் கடைகள் நிறைந்த நாக்தேவி தெருவில் அப்படிச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரரே சண்டைக்கு வருவார். இன்னும் பாலிஷ் ஏறாத வெறும் மரத்துக்கு அலுமினியம் ஆக்ஸைடு டிஸ்க் கேள். கறுப்பாக இருக்கும் வாட்டர் பேப்பர் சிலிக்கான் கார்பைடு, அது ஒரு பாலிஷ் பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே தேய்க்க. தாளின் மேலுள்ள தேய்க்கும் மணிகள் நெருக்கமாக இல்லாமல் இடைவெளி விட்டு ஒட்டியிருக்கும் ‘ஓப்பன் கோட்’ ரகம்தான் மரத்துக்கு நல்லது, தூசி அடைக்காது. சிலவற்றில் வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும், அதுவும் அடைப்பைத் தடுக்கத்தான்.

நம்பர் ஏற ஏற மணி பொடியாகும். மில்லில் இழைத்து வந்த பலகைக்கு 80இல் தொடங்கு, பிறகு 120, 180. எண்ணெய் பூசுவதானால் அங்கேயே நிறுத்தலாம், பாலிஷ் என்றால் 220 வரை போ. அவசரப்பட்டு 80இலிருந்து 220க்குத் தாவாதே. 80 போட்ட கீறலை அழிக்க 120தான் சரி. 220 அதை மினுக்கிக் காட்டுமே தவிர எடுக்காது. ஒவ்வொரு நம்பருக்கும் முன்னால் பலகை முழுக்கப் பென்சிலால் லேசாகக் கோடு போடு. கோடெல்லாம் மறைந்தால் எல்லா இடத்திலும் தாள் பட்டிருக்கிறது. அழுத்தாதே, மெஷினின் எடையே போதும். தேய்ந்த டிஸ்க்கைச் சிக்கனம் பார்த்து ஓட்டாதே, வெட்டுவதை விட்டுவிட்டுச் சூடுதான் போடும்.

கோமு, இன்னொன்று. விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. போட்டோவில் உன் முகத்தில் துண்டுகூட இல்லை. உனக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மரத்தூசியை ஐ.ஏ.ஆர்.சி., அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கையும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளையும் அது தாக்கும். ஐந்து நிமிஷ வேலையானாலும் என்95 மாஸ்க் போடு, கொல்லையில் காற்றோட்டமாக வைத்துச் செய். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள், சுடிதாரானால் துப்பட்டாவே வேண்டாம். உன் அண்ணனையும் அருகில் நின்று யோசனை சொல்லாமல் தள்ளி உட்காரச் சொல்.

இழைத்ததும் மஞ்சளாகப் பளிச்சென்று இருக்கும், நிறம் போதவில்லை என்று ஸ்டெயின் வாங்கி அடித்துவிடாதே. பலா வெளிச்சம் பட்டுத் தானே பழுப்பேறும்.

பேடின் துளைகளைப் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. டிஸ்க்கை நானே நாக்தேவியில் வாங்கிக் கூரியரில் போடுகிறேன். வந்ததும் தகர டப்பாவில் வை, ஈரக்காற்றில் காகித டிஸ்க் சுருண்டுவிடும்.

உன்
பத்மா