அந்தக் கோழியை யார் திங்கறாங்க?

கோபிசெட்டிபாளையம்
ஞாயிறு காலை

அன்புள்ள அம்மிணிக்கு,

வியாழக்கிழமை போனை வைத்ததிலிருந்து நீ கேட்டதே காதில் நிற்கிறது. கிரெடிட் கார்டுக் கடனைச் சொல்லி அழுது முடித்துவிட்டு, கோபமாக ஒரு வார்த்தை கேட்டாய்: "ஏனுங்கப்பா, பள்ளிக்கூடத்துல இதையெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரலியே?" எட்டாம் வகுப்பில் உனக்குக் கணக்கு எடுத்தவனிடமே கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. போனில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கடனை முடித்துவிடுவோம். உன் பில்லில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதல்லவா, அதை நம் ஊர்ப் பேச்சில் சொல்லிப் பார். மூன்றரை வட்டி. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறினால் நாலு வட்டியைத் தாண்டிவிடும். நம் சந்தையில் மூணு வட்டிக்கு விடுகிற ஆள் எதிரில் வந்தால் உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நீ பெங்களூரில் ஏசி ஆபீசில் இருந்துகொண்டு நாலு வட்டிக்கு வாங்கியிருக்கிறாய். திட்டவில்லை கண்ணு, கணக்கைச் சொல்கிறேன். 60,000 நிலுவைக்குக் குறைந்தபட்சத் தொகை என்று 5 சதவீதம் மட்டும் கட்டி வந்தால், புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும், எட்டு மாதத்தில் நீ கட்டியிருப்பது சுமார் 24,000. கடன் குறைந்திருப்பது 5,000. அந்தத் தொகைக்குக் 'குறைந்தபட்சம்' என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். அதைக் கட்டிவிட்டால் கடமை முடிந்தது போல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது பார்.

அம்மாவின் வளையல் இரண்டையும் நாளைக்குக் கூட்டுறவு வங்கியில் வைக்கிறோம். முக்கால் வட்டி, மிஞ்சினால் ஒரு வட்டி. பணம் வந்ததும் கார்டை மொத்தமாக அடைத்துவிடு. நகையை நீதான் திருப்ப வேண்டும். மாதாமாதம் எவ்வளவு முடியும் என்று நீயே எழுதி அனுப்பு. அம்மாவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. "வளையல் பீரோவுல சும்மாதான கெடக்குது" என்றாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

சொல்லித் தரவில்லை என்று நீ சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. தனிவட்டி நடத்தினேன், கூட்டுவட்டி நடத்தினேன். எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. உன் நோட்டில் அத்தனைக்கும் சிவப்பு மையில் சரி போட்டவன் நான். ஆனால் இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது, ஒரு பையன் நினைவுக்கு வந்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே இட்லிக் கடை போட்டிருந்த அம்மாவின் மகன். கணக்கில் முப்பத்தைந்தைத் தாண்டியதில்லை. தனிவட்டி நடத்திக்கொண்டிருந்தபோது எழுந்து நின்றான். "சார், தண்டலுக்கு எப்படிங்க சார் போடறது?" என்னடா என்றேன். "பத்தாயிரம்னு அட்டையில எழுதுவாங்க சார். கையில எட்டாயிரத்து ஐநூறுதான் வரும். நாளுக்கு நூறு, நூறு நாளைக்குக் கட்டோணும்." வகுப்பே சிரித்தது. "அதெல்லாம் பாடத்துல இல்ல, உட்காரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தேன். 1,500 ரூபாய்தானே, பத்தாயிரத்துக்குப் பதினைந்து சதவீதம் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் கையில் வாங்கிய மறுநாளே அசல் திரும்பிப் போக ஆரம்பித்துவிடுகிறது. ஐம்பதாவது நாளில் பாதிக் கடன்தான் அந்த அம்மா கையில் நிற்கிறது. இதையெல்லாம் சேர்த்து வருடக் கணக்குக்கு மாற்றினால் சுமார் 120 சதவீதம் வருகிறது. எத்தனையோ வருடம் ஆயிற்று, அந்த எண் மறக்கவில்லை. மறுநாள் அதைக் கரும்பலகையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது, பையனின் வீட்டுக் கதையைப் பொதுவில் போடலாமா என்று ஆயிரம் காரணம். நிஜமான காரணம், எனக்கே அந்தக் கணக்கைப் போட இரவெல்லாம் ஆயிற்று என்பதுதான்.

இன்னொன்று. அந்த அம்மாவுக்கு வட்டி தெரியாமல் இல்லை. மகனுக்கே அத்தனை துல்லியமாகத் தெரிந்திருந்தது. விடியற்காலையில் அரிசிக்கும் உளுந்துக்கும் கேஸுக்கும் பணம் வேண்டும். ஜாமீன் இல்லாமல், சம்பளச் சீட்டு இல்லாமல் எந்த வங்கி கொடுக்கும்? ஏழைகள் கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று யாராவது மேடையில் ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கணக்குத் தெரிந்தவர்கள் ஏமாந்த கதையை அவர்கள் சொல்வதில்லை.

அதை நான் சொல்கிறேன். உனக்கு இது பாதிதான் தெரியும்.

2012 தை மாதம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். மாதம் 6,000 வரும். இரண்டு வருடம் கழித்து அசலும் திரும்பி வரும். உன் மாமாவும் சேர்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதே மனக்கணக்காகப் போட்டேன். ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 72,000. நாற்பத்தெட்டு சதவீதம். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற என் வைப்பு நிதியில், அதாவது ஜி.பி.எஃப்.பில், எட்டு சதவீதத்துக்குச் சற்று மேலே கிடைத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து மூன்று லட்சத்தை எடுத்து இரண்டு பங்கு கட்டினேன்.

அம்மிணி, எனக்குக் கணக்குத் தப்பவில்லை. 48 என்பது சரியான விடை. அதைப் பார்த்துப் பயந்திருக்க வேண்டியவன் சந்தோஷப்பட்டேன்.

உன் அம்மா பத்தாவதோடு நின்றவள். திண்ணையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்: "இந்தக் கோழிய யாருங்க திங்கறாங்க?" கோபியில் எந்தக் கறிக்கடையிலும் ஈமுக் கறி தொங்கி அவள் பார்த்ததில்லை. எண்ணெய் எடுக்கிறார்கள், தோல் வெளிநாட்டுக்குப் போகிறது என்று ஏஜென்ட் சொன்னதை நான் ஒப்பித்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கணக்கு வாத்தியாரிடம் கணக்குக் கேட்கிறாயா என்று.

ஐந்து மாதம் பணம் வந்தது. ஆகஸ்டில் நின்றது. பின்னால் வந்தவர்கள் கட்டிய பணம்தான் முன்னால் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் போயிருக்கிறது. புது ஆள் வருவது குறைந்ததும் எல்லாம் சாய்ந்தது. தீவனம் வராமல் பன்னிரண்டு பறவைகளும் கொட்டகையில் நின்றதும், நீ பெயர் வைத்த அந்தக் கால் நொண்டிக்கு உன் தட்டுச் சோற்றைக் கொண்டுபோய்ப் போட்டதும் உனக்கு நினைவிருக்கும். மூன்று லட்சத்தில் வந்தது 60,000. போனது 2,40,000. இந்த எண்ணை இன்றைக்குத்தான் உன்னிடம் சொல்கிறேன். இப்படிப் போன பணத்தை மீட்கவென்றே நம் மாநிலத்தில் 1997 முதல் ஒரு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கோவையில் அதற்குத் தனி நீதிமன்றமும் இருக்கிறது. ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று புகார் கொடுத்தார்கள். நான் போகவில்லை. வாத்தியார் அந்த வரிசையில் நிற்பதை ஊர் பார்க்குமே என்று.

அந்த வருடமெல்லாம் நானும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் பணத்தைப் பற்றிப் பேசினோம். உனக்குப் பன்னிரண்டு வயது. நஷ்டம் வந்தால் மறைக்க வேண்டும் என்பதை நீ அந்தக் கதவுக்கு வெளியே நின்று படித்திருக்கிறாய். எட்டு மாதம் எங்களிடம் சொல்லாமல் இருந்ததற்கு உன்னை எப்படிக் குறை சொல்வேன்?

பள்ளிக்கூடத்தில் இது வேண்டுமா என்றால், வேண்டும். ஆனால் புதுப் பாடம், புதுப் புத்தகம், நூறு மதிப்பெண் என்று வந்தால் அதுவும் இன்னொரு மனப்பாடம் ஆகிவிடும். இரண்டு நாளாக இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2014-ல் பேராசிரியர்கள் மூன்று பேர் அதுவரை வந்த 201 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். பணத்தைக் கையாள்வதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில், நிதிப் பாடம் படித்தது விளக்குவது 0.1 சதவீதம்தானாம். மணிக்கணக்கில் நடத்தினாலும் இருபது மாதத்துக்குள் கரைந்துவிடுகிறதாம். பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவு மோசமில்லை என்கின்றன. இருந்தாலும் எனக்கு முதல் ஆய்வுதான் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. நம் நாட்டிலேயே பாரேன், பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024-ல் சொன்னது: மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அத்தனை பேரும் சதவீதம் போடத் தெரியாதவர்களா?

எங்களிடம் இல்லாமல் போனது உன் அம்மாவின் கேள்வி. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, கடைசியில் இதை யார் திங்கிறார்கள் என்பது. அதை மாமாவின் முன்னால், ஏஜென்டின் முன்னால், கூச்சமில்லாமல் இரண்டாம் தடவையும் கேட்கிற துணிச்சல். இதைப் பள்ளிக்கூடம் கற்றுத் தர முடியுமா என்றால், அந்த இட்லிக் கடைப் பையனை "உட்காரு" என்று சொன்ன வாத்தியாரால் முடியாது.

இந்தப் பேச்சுக்கு இப்போது என்ன அவசியம் என்றால், நம் பள்ளித் தலைமையாசிரியர் (என்னிடம் படித்தவர்தான்) போன மாதம் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் பணத்தைப் பற்றி எடுக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் காலத்திலும் இந்த மாதிரி இருந்தது. சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்புத் திட்டத்துக்குப் பிள்ளைகளிடம் எட்டணாவும் ஒரு ரூபாயும் வாங்கி நானே பாஸ்புக்கில் ஏற்றியிருக்கிறேன். அக்டோபர் 30 வந்தால் உலக சிக்கன நாள்; காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை சிக்கனத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியதும் உண்டு. ஒருமுறை சேமிப்பைப் பற்றிப் பேச வருகிறேன் என்று வந்தவர், பேச்சு முடிந்ததும் பையிலிருந்து பாலிசி விண்ணப்பங்களை எடுத்து ஆசிரியர் அறையில் விரித்தார். நாலு பேர் கையெழுத்துப் போட்டோம்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். நிபந்தனையும் சொன்னேன்: பரீட்சை கூடாது, மார்க் கூடாது, எந்த வங்கியிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் யாரும் பேனாவும் பையும் கொடுக்க வரக் கூடாது. புத்தகமும் வேண்டாம், தாள்தான். வாரத்துக்கு ஒரு தாளை நடுவில் வைத்து, பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் வாரம் தண்டல் அட்டை. அடுத்து நகைக்கடை பில். செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, அந்தச் சேதாரம் நிஜமாகவே சேதமாகிறதா என்று அவர்களே கேட்கட்டும். உன் மாமா மகன் பைக் கடன் வாங்கிய தாளையும் கேட்டு வாங்கிவிட்டேன். ஒரு லட்சம், மூன்று வருடம், 12 சதவீதம் என்று போட்டிருக்கிறது. முழு லட்சத்துக்கும் மூன்று வருடமும் வட்டி போட்டு, மாதம் 3,778. கட்டக் கட்டக் குறைகிற அசலுக்குக் கணக்குப் பார்த்தால் 21 சதவீதம் வருகிறது. அவனுக்குச் சொன்னேன், இரண்டு நாளாகப் பேசவில்லை.

பிறகு என் ஈமு ஒப்பந்தப் பத்திரம். பீரோவில் துணிக்கு அடியில் பதின்மூன்று வருடமாகக் கிடந்ததை நேற்று எடுத்தேன். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் அவளையே வகுப்புக்கு வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். "நா வந்து என்னத்த சொல்றது" என்கிறாள். வந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும் என்றேன்.

உன்னிடமும் ஒரு தாள் கேட்கிறேன். அந்த எட்டு மாத கார்டு ஸ்டேட்மென்டை அச்செடுத்து, உன் பெயரையும் எண்ணையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்பி வை. அடுத்த சனிக்கிழமைக்குள் வந்தால் நல்லது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை உனக்குத் தெரியும், தாளைப் பார்த்ததும் "இது யாருதுங்க சார்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஈமுப் பத்திரம் என்னுடையது என்று சொல்லிவிடுவேன். உன் தாளுக்கு என்ன சொல்லட்டும்? என் பொண்ணோடது என்று சொல்லலாமா, வேண்டாமா? நீ எப்படிச் சொல்கிறாயோ அப்படியே.

அன்புடன்,
அப்பா