செயலாளரின் ஆண்டறிக்கை: வற்றல் உட்பட

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

ஆண்டறிக்கை வாசிப்பது செயலாளரின் கடமை என்று நம் குடியிருப்போர் சங்க விதி சொல்கிறது. அதைக் கேட்பது உறுப்பினர்களின் கடமை என்று எங்கும் சொல்லவில்லை. காலி நாற்காலிகளைப் பார்த்தால் விதியை எல்லோரும் நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

குடியரசு நாளன்று கொடி ஏற்றப்பட்டது. மேல்நிலைத் தொட்டி இருமுறை கழுவப்பட்டது. செயற்குழு ஆறு முறை கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் சேராமல் தேநீரோடு கலைந்தது.

இனி கொத்தவரங்காய் வற்றல். இது செயலாளரின் சொந்த ஆசை என்று சிலர் பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்தது. தீர்மானப் புத்தகத்தில் 22 கையெழுத்துகள் இருக்கின்றன. வேண்டுமானால் புரட்டிப் பார்க்கலாம்.

மாசி நடுவில் 20 கிலோ பிஞ்சுக் காயுடன் தொடங்கினோம். பிஞ்சாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு: முற்றிய காய் காய்ந்தால், வறுத்த பின்னும் நார் பல்லில் சிக்கும். காம்பும் நுனியும் கிள்ளி, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் பாதி வெந்ததும் வடித்தோம். பச்சையாகவே காயப்போட்டால் காய்க்குள் இருக்கும் நொதிகள் தம் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். நிறமும் மணமும் போய்விடும். முழுக்க வெந்தாலோ மோரில் குழைந்துவிடும். வடித்த காயைப் புளித்த மோரில் ஓரிரவு ஊறவைத்து, காலையில் எடுத்து வெள்ளை வேட்டியில் பரப்பினோம். மாலையில் மறுபடி அதே மோர். மோர் வற்றும்வரை இப்படி. அதன்பின் வெயிலும் காற்றும்தான். காக்கைக்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து வைத்தோம்; அது என் குடை, இன்னும் திரும்பி வரவில்லை.

மொட்டைமாடியில் காலையில் விரிக்க ஆள் கிடைத்தது. ‘பாருங்கள், எவ்வளவு காய்!’ என்று படம் எடுக்கவும் ஆள் கிடைத்தது. பொழுது சாயுமுன் அள்ளி உள்ளே வைக்கத்தான் ஆள் இல்லை. மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. பகலெல்லாம் வெயில் இழுத்த ஈரத்தை ஒரே இரவில் காய் திரும்பக் குடித்துவிடும்.

முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவது ஈடு ஒரு சனிக்கிழமை இரவு முழுவதும் மாடியிலேயே கிடந்தது. நான் அன்று உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன் என்பது உண்மை. ஆனால் அன்றைய முறை என்னுடையதல்ல. மேலும் இரண்டு நாள் காயவைத்து, கண்ணாடி ஜாடிகளில் முக்கால் அளவு நிரப்பினேன். வற்றல் ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். மேலே இருந்ததை ஒடித்துப் பார்த்தேன், முறிந்தது. அடியில் இருந்ததை ஒடித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஜாடியின் உள்பக்கம் வியர்த்திருந்தது. அப்போதே கொட்டி மறுபடி வெயில் காட்டியிருந்தால் பிழைத்திருக்கும். என் கண்ணில் பட்டபோது அடியில் சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. மூன்று ஜாடிகள் குப்பைக்குப் போயின.

20 கிலோவில் பூஞ்சைக்குப் போனது போக மீதி எங்கே என்று ஓர் உறுப்பினர் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். கொத்தவரங்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது வானத்துக்குப் போயிற்று. ரசீது வாங்கவில்லை.

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் பீன்ஸை முழுசாக ஊசி நூலில் கோத்துத் தொங்கவிட்டே காயவைப்பார்களாம். அதற்குத் ‘தோல் கால்சட்டை’ என்று பெயர். பனித் தொல்லை இல்லாமல் உள்ளேயே காயட்டும் என்று மாடிப்படித் திருப்பத்தில் ஒரு கிலோ பீன்ஸைக் கோத்துக் கட்டினேன். காற்றோட்டம் போதவில்லை. அதோடு யாரோ அதே கயிற்றில் ஈரத்துண்டும் போட்டார்கள்.

வரவு செலவு திருப்திகரமாகவே இருக்கிறது. கையிருப்பு உண்டு, பெரிதாக இல்லை. விவரம் வேண்டுவோர் பொருளாளரைக் கேட்கலாம், அவர் வரும்போது. 11 வீடுகள் சந்தா பாக்கி. பெயர்களை வாசிக்கப்போவதில்லை. வற்றல் பங்கு வாங்க முதலில் வந்து நின்றவர்களில் நால்வர் அந்த வீடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தலைவருக்கும், தணிக்கையாளருக்கும், காவலாளிக்கும், மோர் உறையூற்றித் தந்த இரண்டாம் மாடி அம்மாளுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பில் நீடிக்கும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு யாரும் முன்வராத நிலையில் உறுப்பினர்கள் வற்புறுத்தினால் யோசிக்கலாம். வற்றல் முறைப் பட்டியலைக் கீழ்வாசலில் ஒட்டியிருக்கிறேன். பேனாவையும் அங்கேயே, பீன்ஸ் கோத்து மீந்த நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காலைப் பகுதி நிரம்பிவிட்டது. மாலைப் பகுதியில் இதுவரை ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, கையெழுத்து என்னுடையது.