அப்பா போனுக்குக் கூப்பிடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்க எல்லாரும் சுகம். அக்கா மகனுக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு. மத்த விஷயமெல்லாம் அப்புறம் எழுதுறேன்.

நீ அனுப்பின பணம் வந்துருச்சு. நீ இருக்கும்போது எனக்குப் பணக் கவலை ஒண்ணும் கிடையாது. ஆனா நீ என் போனுக்கு மட்டும்தான் கூப்பிடுற. நான் பேசும்போது அப்பா பக்கத்து நாற்காலியில பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு பக்கம்கூடத் திருப்புறதில்ல.

அப்பாவுக்கு ஆஞ்சியோ பார்த்த மதுரை டாக்டர், நெஞ்சைத் திறந்து செய்யுற பைபாஸ் ஆபரேஷன்தான் சரின்னு சொல்லுறார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற மூணு குழாயிலயும் அடைப்பு, அதுல முன்பக்கம் இறங்குற பெரிய குழாய்ல 90 சதவீதம். திருநெல்வேலி டாக்டர் அதே சிடியைப் போட்டுப் பார்த்துட்டு, இதயம் ரத்தத்தைத் தள்ளுற பம்பிங் 45 சதவீதம் இருக்கு, குழாயை விரிச்சுப் பிடிக்கிற கம்பிவலை, அதான் ஸ்டென்ட், ரெண்டு வச்சு மத்ததை மாத்திரையில பார்க்கலாம்னார். கமிஷனுக்காகச் சொல்றான்னு நீ அவரைப் பேசினது தப்பு தம்பி. ஸ்டென்ட் விலைக்கு அரசாங்கம் 2017-லயே உச்சவரம்பு வச்சிருச்சு.

அப்பா மாதிரி சுகர் உள்ளவங்களுக்கு இத்தனை குழாய் அடைச்சிருந்தா பைபாஸ்தான் நெடுநாள் தாங்கும்னு 2012-ல ஒரு பெரிய ஆராய்ச்சியில வந்துச்சாம். அதே ஆராய்ச்சியில பைபாஸ் செஞ்சவங்களுக்குப் பக்கவாதம் கூடுதலா வந்ததையும் மதுரை டாக்டரே ஒளிக்காம சொன்னார். நெஞ்செலும்பு கூடி வரவே ரெண்டு மூணு மாசம் ஆகும். ஸ்டென்ட்னா சீக்கிரம் வீட்டுக்கு வந்துரலாம், ஆனா ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரையை மாசக்கணக்குல விடாம போடணும், திரும்பவும் அடைச்சாலும் அடைக்கும். என் மனசு பைபாஸ் பக்கம்தான் சாயுது, நீ சொல்ற மாதிரியேதான். ஆனா கத்தி வைக்கிறது அவங்க நெஞ்சுல. அவங்ககிட்ட நீ ஒரு வார்த்தை கேட்கலையே.

"உங்களுக்கு என்ன தெரியும்"னு அன்னைக்கு நீ அப்பாகிட்ட போன்ல சொன்னே. பதட்டத்துல சொன்னதுதான், எனக்குத் தெரியும். அவங்களும் உன்னை ஒண்ணும் சொல்லல. கடைக்கு வர்றவங்ககிட்ட இன்னைக்கும், தோஹா மெட்ரோ வேலையில என் மகன் இருந்தான்னுதான் பேச்சு. ஆனா ஆஸ்பத்திரிப் பேச்சு எடுத்தா மட்டும் எழுந்து போயிருறாங்க. பெரியப்பா விஷயம் உனக்குத் தெரியாததா? அன்னைக்கு ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நின்னது அப்பாதான். அதை மனசுல வச்சுக்கிட்டு இருக்கிற மனுஷன்கிட்ட பெர்சன்டேஜ் கணக்குச் சொன்னா எப்படி ஏறும்?

இதை அவங்ககிட்ட சொல்லிராதே. சட்டை துவைக்கும்போது பையில இருந்த சார்பிட்ரேட் அட்டையை எடுத்துப் பார்த்தேன், ரெண்டு மாத்திரை குறையுது. நெஞ்சு வலிச்சு நாக்குக்கு அடியில வச்சிருக்காங்க, என்கிட்ட மூச்சு விடல. மாடிப்படியில பாதியில நின்னு வேட்டியை அவிழ்த்துக் கட்டுறாங்க. கட்டின வேட்டி நல்லாத்தான் இருக்கு, மூச்சு வாங்குறது எனக்குத் தெரியக்கூடாதுன்னு அப்படி. டாக்டர் தள்ளிப்போட வேண்டாம்னார். இவங்க ஆடி கழியட்டும்ங்காங்க. ஆவணியிலதானே உனக்கு லீவு? வேலை எப்படியோ, உன் சௌகரியத்தைப் பார்த்துக்கோ.

ரத்தம் கொடுக்க அக்கா வீட்டு அத்தான் ஆள் சொல்லி வச்சிருக்கார். கையெழுத்து நான் போட்டுருவேன். அதுக்கெல்லாம் நீ அலைய வேண்டாம். எதுக்குப் பயப்படுறீங்கன்னு அவங்ககிட்ட கேளு. அறிவுரை சொல்லாதே. கேளு, அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாம கேளு. அதுக்கப்புறம் பைபாஸ்னாலும் சரி, ஸ்டென்ட்னாலும் சரி, நான் கூட நிக்கிறேன்.

ராத்திரி எட்டரைக்குக் கடை அடைச்சு வந்துருவாங்க, அப்ப உனக்குச் சாயங்காலம் ஆறு மணி. என் போனுக்குக் கூப்பிடாதே, நான் எடுக்க மாட்டேன்.

அம்மா