விவரக்குறிப்புகளை வாசிக்கத் தரும் கருவி பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைக்கும் நடத்தை விவரக்குறிப்புகளை உலாவியில் வாசிக்கவும் பிறரோடு பகிரவும் ஒரு கருவியை எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதை அறிந்து உண்மையாகவே மகிழ்ந்தேன். உங்கள் திட்டக் குறிப்பை முழுவதும் வாசித்தேன். தேடல், பக்க அமைப்பு, வண்ணத் தேர்வு ஆகியவற்றுக்கு அதில் விரிவான இடம் இருக்கிறது. ஆனால் வாசகர் காணும் வாக்கியம் இப்போது இயங்கும் மென்பொருளுக்குப் பொருந்துகிறதா என்பதைப் பக்கம் எவ்வாறு தெரிவிக்கும் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அந்த வரியைக் கருவியின் நடுவே கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இத்தகைய விவரக்குறிப்புகள் ஏன் தோன்றின என்பதை நினைத்துப் பார்த்தால் என் கோரிக்கையின் காரணம் விளங்கும். 2002இல் வார்ட் கன்னிங்ஹாம் உருவாக்கிய ஃபிட் என்ற கருவியில், உள்ளீடுகளையும் எதிர்பார்க்கும் விடைகளையும் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டால், கருவி மென்பொருளை இயக்கிப் பார்த்து, சரியான கட்டங்களைப் பச்சையாகவும் தவறானவற்றைச் சிவப்பாகவும் மாற்றிக் காட்டும். 2003இல் டான் நார்த் ஜேபிஹேவ் என்ற கருவியைத் தொடங்கினார். கிறிஸ் மேட்ஸுடன் சேர்ந்து, தொடக்க நிலை, நிகழ்வு, விளைவு என்று ஒவ்வொரு காட்சியையும் மூன்று பகுதிகளாக எழுதும் முறையை அவர் வகுத்தார். 2008இல் அஸ்லாக் ஹெலசோய் உருவாக்கிய குக்கம்பர் அந்த முறையைக் கெர்கின் என்ற எளிய எழுத்து வடிவத்தில் பரவலாக்கியது. இம்மூன்றுக்கும் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு. மனிதர் வாசிக்கும் அதே வாக்கியத்தைக் கணினியும் இயக்கிச் சரிபார்க்கிறது. மற்ற ஆவணங்கள் எழுதிய நாளிலிருந்தே மெல்லப் பழசாகத் தொடங்குகின்றன. இவை பழசானால் சோதனை தோற்று, உடனே தெரிந்துவிடும்.

அந்தச் சிறப்பு வலைப்பக்கத்துக்கு மாறும்போதுதான் தொலைந்துபோகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதற்காக மின்னஞ்சலில் அனுப்பிய இணைப்பு 30 நிமிடங்களுக்குப் பிறகு செல்லாது என்று ஒரு காட்சி சொல்கிறது. உங்கள் கருவி அதை அழகான எழுத்தில் காட்டுகிறது. வாடிக்கையாளருக்கு உதவும் பணியில் இருப்பவர் அதை வாசித்து, நம்பி, ஒருவருக்குப் பதில் எழுதுகிறார். ஆனால் அந்தக் காட்சியின் படிகளை, அதாவது அதன் ஒவ்வொரு வரியையும், நிரலோடு இணைக்கும் பகுதியை யாரும் இன்னும் எழுதவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது சரிபார்க்கப்பட்ட உண்மை அன்று, ஒருவருடைய விருப்பம் மட்டுமே. அழகான பக்கம் அந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. வெறும் கோப்பாக இருந்தபோது இருந்த சிறு ஐயம்கூட வாசகரிடம் எஞ்சுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு காட்சியின் தலைப்பருகிலும் அதன் நிலை தெரிய வேண்டும். குக்கம்பர் ஒரு படியின் விளைவை வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு நிறுத்துவதில்லை. எழுதி முடிக்காமல் நிலுவையில் இருக்கும் படி, நிரலில் வரையறையே இல்லாத படி, முந்தைய படி தோற்றதால் தாண்டிச் செல்லப்பட்ட படி என்று அது தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறது. இந்த வேறுபாடுகளைப் பச்சை, சிவப்பு என்ற இரண்டு நிறங்களுக்குள் அடக்கிவிடாதீர்கள். வரையறை இல்லாத காட்சியைச் சாம்பல் நிறத்தில் காட்டி, “இது இன்னும் சரிபார்க்கப்படவில்லை” என்று எழுத்தாலும் சொல்லுங்கள். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவரும் வாசிப்பார்கள். எடுத்துக்காட்டு அட்டவணையோடு வரும் காட்சிகளில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி நிலை வேண்டும், ஏனெனில் பல வரிசைகளில் ஒன்று மட்டும் தோற்பதுதான் பெரும்பாலும் பயனுள்ள செய்தியாக இருக்கிறது. எந்தப் பதிப்பின்மீது, எந்த நாளில் சோதனை ஓடியது என்பதும் அங்கேயே இருக்கட்டும். நாள் குறிப்பிடாத பச்சை நிறத்தை நான் நம்புவதில்லை.

பக்கத்திலேயே திருத்தும் வசதி வேண்டுமா என்று குறிப்பின் ஓரத்தில் கேள்விக்குறி இட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஃபிட்டின் அடிப்படையில் எழுந்த ஃபிட்னெஸ் என்ற கருவி விக்கி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. விவரக்குறிப்பை அங்கேயே எழுதலாம், அங்கேயே இயக்கலாம், நிரல் எழுதத் தெரியாதவரும் கைவைக்கலாம். ஆனால் விக்கிப் பக்கங்களை நிரலிலிருந்து தனியாக வைத்தால், நிரலின் பழைய பதிப்பு ஒன்றுக்கு எந்தப் பக்கம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது கடினம். குக்கம்பர் கோப்புகள் வழக்கமாக நிரலோடு ஒரே களஞ்சியத்தில் (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் பதிப்புதோறும் காத்துவைக்கும் இடத்தில்) இருப்பதால் பதிப்புப் பொருத்தம் தானாகக் கிடைக்கிறது, ஆனால் களஞ்சியத்தைத் திறக்கத் தெரியாதவருக்குக் கதவு மூடியிருக்கிறது. உங்கள் கருவி அந்தக் கதவைத் திறக்கிறது; அது போதும். திருத்திய வாசகத்தைக் கருவியின் தரவுத்தளத்தில் சேமிக்கத் தொடங்கினால் மூலம் இரண்டாகிவிடும், இரண்டில் எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது. வாசகர் திருத்தம் முன்மொழிய விரும்பினால், அந்த முன்மொழிவு களஞ்சியத்துக்கு மாற்றக் கோரிக்கையாகச் சென்று, சோதனையைக் கடந்து, அதன்பின் பக்கத்துக்குத் திரும்பி வரட்டும்.

முன்மாதிரி வேண்டுமென்றால், குக்கம்பர் கோப்புகளை வலைப்பக்கங்களாகக் காட்டிய ரெலிஷ் என்ற சேவையை நினைவுகொள்ளுங்கள். ரூபி நிரல்மொழிக்கான சோதனைக் கருவியாகிய ஆர்ஸ்பெக் திட்டத்தின் ஆவணங்கள் பல ஆண்டுகள் அங்கே இருந்தன. அவை ஆர்ஸ்பெக் குழு குக்கம்பரால் இயக்கிச் சரிபார்த்த அதே கோப்புகள் என்பதால், வாசகர் கண்ட எடுத்துக்காட்டுகள் எல்லாம் இயக்கிப் பார்த்தவையாக இருந்தன. அதில் நான் மிகவும் மதித்தவை மூன்று. பதிப்பைத் தேர்ந்தெடுத்து வாசிக்க முடிந்தது. தலைப்புகள் அகர வரிசையில் வராமல், ஒரு சிறிய கோப்பில் குழுவினர் எழுதிவைத்த வரிசையில் வந்தன. புதிதாக வருபவருக்கு எதை முதலில் வாசிப்பது என்பதை எழுதியவர்தான் சொல்ல முடியும். மேலும், அம்சத்தின் (ஒரு கோப்பின் காட்சிகள் விவரிக்கும் வசதியின்) தலைப்புக்கும் முதல் காட்சிக்கும் இடையே கெர்கின் அனுமதிக்கும் விளக்கப் பத்தி, மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் வடிவமைந்து நன்றாகத் தெரிந்தது. சோதனையை இயக்கும் கணினிக்கு அந்தப் பத்தி தேவையில்லை. மனிதருக்கு அதுவே முதன்மையானது, ஏனெனில் இந்த அம்சம் ஏன் இருக்கிறது என்பதற்கு விடை அங்கே மட்டும்தான் கிடைக்கும். உங்கள் முதல் வடிவத்தில் அது சிறிய எழுத்தில் மடங்கிக் கிடக்கிறது. தயவுசெய்து அதை விரித்து வையுங்கள்.

பகிர்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு காட்சியின் இணைப்பை மற்றொருவருக்கு அனுப்பினால், அது சில மாதங்கள் கழித்தும் அதே காட்சிக்குச் செல்ல வேண்டும். கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் வைத்து முகவரி அமைத்தால், மேலே ஒரு வரி சேர்ந்தவுடன் அது வேறெங்கோ சுட்டும். காட்சியின் தலைப்பை வைத்து அமைத்தால், தலைப்பைச் செம்மைப்படுத்துவதற்கே எழுதுபவர் தயங்குவார். காட்சியின்மேல் இடும் குறிச்சொல் ஒன்றை நிலையான அடையாளமாகக் கொள்வது நல்லது. குறிச்சொல் இல்லாத காட்சிக்கு நிலையான இணைப்பு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். இணைப்பில் பதிப்பு இருந்தால் அந்தப் பதிப்பையும், இல்லாவிட்டால் அண்மைப் பதிப்பையும் காட்டுங்கள்.

கெர்கினின் முதன்மைச் சொற்களை எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளில் எழுதலாம், தமிழிலும் எழுதலாம். எனவே கோப்பின் முதல் வரியில் வரும் மொழிக் குறிப்பை மதித்து, அந்த மொழிக்குரிய எழுத்துருவையும் தேடலையும் தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்யுங்கள்.

இன்னொரு கவனம். விவரக்குறிப்புகளில் சில வேளைகளில் உண்மையான மின்னஞ்சல் முகவரிகள் இருக்கும், சோதனை முடிவுகளோடு திரைப்பிடிப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும். குக்கம்பரின் முடிவுப் பகிர்வுச் சேவையில், யாரும் உரிமை கோராத பக்கம் 24 மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும் என்ற விதி இருந்தது. உங்கள் கருவியிலும் பொதுவில் பகிர்ந்த பக்கம் தானாக மறைவதே இயல்புநிலையாக இருக்கட்டும், நீட்டிக்க விரும்புபவர் கேட்டு நீட்டித்துக்கொள்வார்.

இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பதை அறிவேன். தேடல் காத்திருக்கலாம், வண்ணங்களும் காத்திருக்கலாம். ஒரு களஞ்சியத்தின் கோப்புகளையும் அதன் கடைசிச் சோதனை முடிவையும் ஒன்றாக வாசித்து, காட்சிதோறும் நிலையையும் நாளையும் காட்டும் ஒரு பக்கத்தை முதலில் முடித்து, நிரல் எழுதாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த வாக்கியத்தை நம்பினார், எதை நம்பத் தயங்கினார் என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்